குளிர்காலம் இல்லாத ஊரில் பெர்ரிச் செடி

சிங்கப்பூரில் லிங்கன்பெர்ரியைச் சுவைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதன் செடியைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அலெக்சாண்ட்ராவிலோ தெம்பனிசிலோ உள்ள ஐக்கியா உணவகத்தில் இறைச்சி உருண்டைகளின் ஓரமாக வைத்துத் தரும் செந்நிற ஜாம் அந்தப் பழத்தில் செய்ததுதான். புளிப்பும் லேசான கசப்பும் கலந்த அந்தச் சுவை பிடித்துப்போனவர்களுக்கு அடுத்து எழும் ஆசை இயல்பானது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாசலில் கறிவேப்பிலையும் துளசியும் கற்பூரவல்லியும் செழிப்பாக வளர்கின்றனவே, பக்கத்தில் ஒரு தொட்டியில் இதையும் வைத்தால் என்ன? இணையத்தில் விதை கிடைக்கிறது, அமிலத்தன்மையுள்ள கலவை மண்ணும் கிடைக்கிறது. கேட்டால் பெரும்பாலானோர் சொல்லும் பதில், ‘இங்கே வெயில் அதிகம், வராது’ என்பது. அந்தப் பதில் பாதிதான் சரி. வெயிலை நிழல்வலை கட்டிக் குறைக்கலாம், மண்ணை மாற்றலாம், மகரந்தத்தைக் கையால்கூடத் தொட்டு வைக்கலாம். தொட்டிக்குள் கொண்டுவர முடியாதது ஒன்று உண்டு: ஆண்டு என்ற கணக்கு. லிங்கன்பெர்ரி பழுப்பதும் பழுக்காததும் அந்தக் கணக்கைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொண்டால் இந்தச் செடியை ஏன் விட்டுவிட வேண்டும் என்பது மட்டுமல்ல, இதன் இடத்தில் எதை வைக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் செடியைப் பார்ப்போம். லின்னேயஸ் 1753-இல் வாக்சினியம் விட்டிஸ்-ஐடியா என்று பெயரிட்ட இது புளூபெர்ரி, கிரான்பெர்ரி ஆகியவற்றின் நெருங்கிய உறவு. முழங்கால் உயரம்கூட வராத குறுஞ்செடி. மண்ணுக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தண்டுகளால் பரவி, பைன் காடுகளின் தரையில் பாய் விரித்ததுபோல் படரும். இலை சிறியது, தடித்தது, மேற்புறம் பளபளப்பது. திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் கரும்புள்ளிகள் தெரியும். புளூபெர்ரியைப் போலன்றி, இது இலை உதிர்ப்பதில்லை. பனிக்குக் கீழே பச்சையாகவே கிடந்து, கோடையில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு மணிகளைப் போலப் பூத்து, இலையுதிர்காலத்தில் சிவக்கப் பழுக்கும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரஷ்யா, ஜப்பானின் வடபகுதி, அலாஸ்கா, கனடா வரை வடதுருவத்தைச் சுற்றி ஒரு வளையம்போல் இதன் வாழிடம் அமைந்திருக்கிறது. சுவீடனில் இன்றும் பெரும்பகுதி காட்டிலிருந்தே பறிக்கப்படுகிறது. பிறர் நிலத்துக் காட்டிலும் பழம் பறிக்கும் உரிமை அங்கே எல்லோருக்கும் உண்டு. பழத்தில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால், சர்க்கரைகூடச் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் கெடாமல் வைத்துக்கொள்வது அந்நாட்டுப் பழைய வழக்கம். ஊறுகாய்க்குக் கடையில் வாங்கிச் சேர்க்கும் பதப்பொருளின் அதே வேதிப்பொருளை இந்தப் பழம் தானே தயாரித்துக்கொள்கிறது.

இதை வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் கவலைப்படுவது மண்ணைப் பற்றி. கவலையில் நியாயம் இருக்கிறது. பிஎச் எண் 4-க்கும் 5.5-க்கும் இடைப்பட்ட, சத்துக் குறைந்த, நீர் தேங்காத மண்தான் இதற்கு ஏற்றது. இந்தக் குடும்பத்துச் செடிகளின் இந்த விநோதத்தை முதலில் தெளிவாகக் கண்டறிந்தவர் அமெரிக்க வேளாண்துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவீல். புளூபெர்ரியை நல்ல தோட்ட மண்ணில், சுண்ணாம்பும் எருவும் இட்டு வளர்க்க முயன்ற எல்லோரும் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு வேண்டியது அமில மண் என்று அவர் 1910-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். அதைப் படித்துவிட்டு அவரோடு இணைந்த நியூஜெர்சி விவசாயி எலிசபெத் ஒயிட்டின் பண்ணையில் 1916-இல் முதல் புளூபெர்ரி விளைச்சல் விற்பனைக்குப் போனது. இந்தச் செடிகளின் வேர்களில் வேர்த்தூவிகள் கிடையாது. மயிரிழையைவிட மெல்லிய வேர்நுனிகளுக்குள் குடியேறும் பூஞ்சைகளே அமில மண்ணின் மக்கிய இலைதழையிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துச் செடிக்குக் கொடுக்கின்றன.

ஆனால் அமில மண் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் தீவில் கால்சியம், மக்னீசியம் போன்ற காரத்தன்மையுள்ள சத்துகள் காலங்காலமாகக் கரைந்து போய்விட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீவின் பெரும்பகுதியில் காட்டை வெட்டிக் காசுக்கட்டிச் செடியும் மிளகும் பயிரிட்டார்கள். காசுக்கட்டி இலையைக் கொதிக்கவைக்க விறகுக்காக இன்னும் காட்டை வெட்டினார்கள். சில ஆண்டுகளில் மண் களைத்ததும் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். அப்படிக் கைவிடப்பட்ட நிலத்தில் முளைத்த இளங்காடு இன்றும் கெண்ட் ரிட்ஜ் போன்ற இடங்களில் நிற்கிறது. மலாய் மொழியில் தியுப்-தியுப் எனப்படும் அடினாண்ட்ரா மரம் அங்கே அதிகம். அந்த மண்ணின் பிஎச் எண் 4-க்கும் கீழே. தாவரவியலாளர்கள் அதை மனிதரால் உருவான ஒரு வகைப் புதர்நிலக் காடு என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். சுவீடனில் லிங்கன்பெர்ரி படர்ந்திருக்கும் ஏழை மண்ணுக்கும் கெண்ட் ரிட்ஜ் சரிவின் ஏழை மண்ணுக்கும் குணத்தில் பெரிய தூரமில்லை. ஆகவே தடை மண்ணில் இல்லை. வடநாட்டுச் சதுப்புநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பீட் மண்ணைத் தோண்டி, கப்பலேற்றி வந்து, சிங்கப்பூர்த் தொட்டியில் நிரப்பியும் ஒரு பழம் வரவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடத்தையும் காட்டியவர் அதே கோவீல்தான். மண் ஆய்வுக்குப் பிறகு அவர் இன்னொரு விநோதத்தைக் கவனித்தார். குளிர் தாக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று சூடான கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்த புளூபெர்ரிச் செடிகள், வசந்தம் வந்த பிறகும் துளிர்க்காமல் உறங்கிக்கிடந்தன. வெளியே பனியில் நின்றவை துளிர்த்துப் பூத்தன. ஒரு செடியைக் கூடத்துக்குள் வைத்து அதன் ஒரே ஒரு கிளையை மட்டும் வெளிக்குளிருக்கு நீட்டிவைத்தபோது, அந்தக் கிளை மட்டும் விழித்தது. அதே வேரிலிருந்து நீர் குடித்த மற்றக் கிளைகள் விழிக்கவில்லை. 1920-இல் அவர் வெளியிட்ட முடிவு அதுவரை நிலவிய நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. குளிர் இந்தச் செடிகள் சகித்துக்கொள்ளும் துன்பம் மட்டுமல்ல, அவற்றுக்கு அது தேவை. ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகக் குளிரை உணர்கிறது. போதிய அளவு குளிர் சேர்ந்தால்தான் திறக்கிறது. பின்னாளில் பிர்ச், பாப்லர் மரங்களில் செய்த ஆய்வுகள் இதன் உள்ளியக்கத்தைக் கொஞ்சம் காட்டின. இலையுதிர்காலத்தில் பகல் சுருங்கும்போது, மொட்டின் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்குழாய்கள் காலோஸ் என்ற பொருளால் அடைபட்டுப்போகின்றன. செல்களுக்கிடையே செய்திப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் குளிரில் அந்த அடைப்பைக் கரைக்கும் நொதிகள் சுரந்து, வழி மறுபடி திறக்கிறது. அதன்பிறகு வரும் வெதுவெதுப்புக்குத்தான் மொட்டு செவிசாய்க்கும்.

லிங்கன்பெர்ரி இந்தக் கணக்கில் கண்டிப்பானது. அடுத்த ஆண்டின் பூமொட்டுகள் முந்தைய கோடையின் முடிவிலேயே கிளை நுனிகளில் உருவாகிவிடும். அவை திறக்க, பூஜ்யத்துக்கும் 7 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட குளிரில் ஏறத்தாழ 800 முதல் 1,000 மணி நேரம் கழிய வேண்டும். தொடர்ச்சியாக எடுத்தால் அது ஐந்தாறு வாரம். இந்தப் பக்கம் சிங்கப்பூரின் கணக்கைப் பாருங்கள். இரவின் வெப்பநிலை வழக்கமாக 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இந்தத் தீவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரியை ஒட்டியது. அதாவது, வானிலைப் பதிவுகள் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை சிங்கப்பூர் சேர்த்துவைத்த குளிர் மணி பூஜ்யம். பகலின் நீளமும் உதவிக்கு வராது. ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதப் பகல் பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பரில் ஆறு மணி நேரமாகச் சுருங்கும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்பது நிமிடம்தான். மொட்டு கட்டு, உறங்கு, விழி என்று செடிக்குச் சொல்ல இங்கே எந்தச் சைகையும் இல்லை. இரவு வெப்பம் வேறொரு நஷ்டத்தையும் உண்டாக்குகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் செடியின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பத்துப் பன்னிரண்டு டிகிரி இரவுகளுக்குப் பழகிய செடி, பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த சர்க்கரையை 25 டிகிரி இரவில் அதிக வேகத்தில் செலவழித்துவிடும். இலை பச்சையாக இருக்கும், செடி சில மாதம் உயிரோடு தெரியும். உள்ளே இருப்பு குறைந்துகொண்டே போகும்.

‘கரையோரப் பூந்தோட்டங்களில் துலிப் பூக்கிறதே, செர்ரி பூக்கிறதே’ என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், ஏனென்றால் அந்தக் காட்சிதான் பலருக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. அங்கே 2012-இல் திறக்கப்பட்ட மலர்க்கூடத்தின் வெப்பநிலை 23 முதல் 25 டிகிரி. வெளியிலிருந்து நுழைகிறவருக்குச் சிலுசிலுவென்று இருந்தாலும், துலிப்பின் கணக்கில் அது கோடை. மத்தியதரைக்கடல் பகுதித் தாவரங்களுக்கும் பாவோபாப் மரங்களுக்கும் அந்த மிதமான, ஈரம் குறைந்த காற்று போதும். துலிப் கிழங்குகளோ முன்கூட்டியே வாரக்கணக்கில் குளிரில் வைக்கப்பட்டு, பூக்கும் தறுவாயில் கூடத்துக்கு வருகின்றன. செர்ரியும் தன் குளிரை வேறெங்கோ முடித்துக்கொண்டு வந்ததுதான். பூ முடிந்ததும் அடுத்த காட்சிக்கு வேறு செடிகள் வருகின்றன. ஆகவே அங்கே நாம் பார்ப்பது வளர்ப்பின் கடைசிச் சில வாரங்களை மட்டுமே.

அப்படியானால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஐந்தாறு வாரம் வைத்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. ஆயிரம் மணி நேரம் 4 டிகிரி கிடைத்துவிடும் என்பது கூட்டல் கணக்கில் சரி. ஆனால் வடநாட்டில் செடி ஒரே நாளில் குளிருக்குள் போவதில்லை. பகல் குறுகக் குறுக, இரவு குளிரக் குளிர, பல வாரம் எடுத்துத் தன் இலையிலும் வேரிலும் சர்க்கரையைச் சேர்த்து, திசுக்களைப் பதப்படுத்திக்கொண்டு பிறகு உறங்குகிறது. 30 டிகிரியில் துளிர்த்துக்கொண்டிருக்கும் செடியைத் தூக்கி இருட்டான பெட்டிக்குள் வைப்பது உறக்கமாகாது, அதிர்ச்சியாகிவிடும். இலை உதிர்க்காத செடி என்பதால் பனிக்கடியில்கூட மங்கிய ஒளியைப் பெற்றுப் பழகியது அது. பெட்டிக்குள் அதுவும் இல்லை. பழம் வாங்கிவைத்த பெட்டி என்றால், பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு வேறு மொட்டுகளைக் கெடுக்கும். இத்தனையும் தாண்டிப் பிழைத்து வெளியே வந்த செடிக்குக் கிடைக்கப்போவது மறுபடியும் 25 டிகிரி இரவுகள்தான். ஒளிவிளக்கும் வெப்பக் கட்டுப்பாடும் உள்ள ஆய்வுக்கூட அறையில் இதைச் செய்ய முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிண்ணம் பழத்துக்காக ஆண்டு முழுவதும் மின்சாரம் செலவழித்து ஒரு சின்ன சுவீடனை ஓட்டுவதை வீட்டுத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குளிர் கேட்கும் பழமரங்களை மனிதர்கள் வெப்பநாட்டில் ஏமாற்றிக் காய்க்கவைத்திருக்கிறார்கள். கிழக்கு ஜாவாவில் மாலாங் அருகே பத்து என்ற ஊரில் ஆப்பிள் தோட்டங்கள் இருக்கின்றன. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் மரத்தின் இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன்பே புதிதாகத் துளிர்த்து, ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் அப்படித்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சை, குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஒரே போகம் தரும் இனம். கம்பத்தில் கவாத்து செய்யும் நாளை மாற்றி மாற்றி ஏறக்குறைய ஆண்டு முழுவதும் அறுவடை செய்கிறார்கள். லிங்கன்பெர்ரிக்கு ஏன் இது உதவாது? ஆப்பிளும் திராட்சையும் இலை உதிர்க்கும் இனங்கள்; சேமிப்பைத் தண்டிலும் வேரிலும் வைத்திருப்பவை. இலையை இழந்தாலும் அந்த இருப்பிலிருந்து மறுபடி துளிர்க்க முடியும். லிங்கன்பெர்ரிக்கு இலையும் ஒரு முக்கியச் சேமிப்புக் கிடங்கு, பூமொட்டோ கிளையின் நுனியில். இலையை உருவினால் இருப்பு போகும், கவாத்து செய்தால் மொட்டு போகும். மேலும், பத்து என்ற அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. அதன் இரவு சிங்கப்பூரின் இரவல்ல.

புளூபெர்ரியின் கதை இன்னும் நெருக்கமானது. அதே பேரினத்தைச் சேர்ந்த செடி இன்று பெருவின் பாலைவனக் கரையிலும் மெக்சிகோவிலும் விளைந்து சிங்கப்பூர்ப் பேரங்காடிகளுக்கு வருகிறது. இது சாத்தியமானது தோட்டக்காரரின் சாமர்த்தியத்தால் அல்ல, இனக்கலப்பால். ஃபுளோரிடாவில் இயற்கையாக வளரும் டாரோ புளூபெர்ரி என்ற இலை உதிர்க்காத காட்டினத்தோடு வடக்கத்திப் புளூபெர்ரியைக் கலந்து, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தொடங்கிய நீண்ட உழைப்பில், மிகக் குறைந்த குளிரே போதுமான இரகங்களை உருவாக்கினார்கள். புளூபெர்ரிக்குத் தெற்கே ஓர் உறவு இருந்தது, அது கைகொடுத்தது. லிங்கன்பெர்ரியில் வந்திருக்கும் தோட்ட இரகங்களான கோரல், சுசி, சன்னா எல்லாம் நெதர்லாந்து, சுவீடன் போன்ற குளிர்நாடுகளில் அந்நாட்டுத் தோட்டங்களுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. பனியைத் தாங்குவதும் பழம் பெரிதாவதும்தான் அங்கே எதிர்பார்ப்பு. கடையில் எந்த இரகத்தின் பெயரைப் பார்த்து வாங்கினாலும் அது குளிரைக் கேட்கும்.

இந்த இடத்தில் கேள்வியைத் திருப்பிப் போடுவது பயன் தரும். லிங்கன்பெர்ரிக்கு ஒத்துவராத இந்த ஆண்டு, அதாவது பன்னிரண்டு மணிப் பகல், மாறாத வெப்பம், வெளுத்து வாங்கும் மழை, எந்தப் பழச்செடிக்கு மிகவும் ஒத்துவரும்? ரோசெல் என்று சொல்லும் சிவப்புப் புளிச்சையை எடுத்துக்கொள்வோம். பகல் குறுகினால்தான் பூக்கும் செடி அது. சுவீடனின் கோடைப் பகலில் விதைத்தால் இலையாகவே வளர்ந்து, பகல் சுருங்கி அது பூக்க நினைக்கும் நேரத்தில் பனி வந்து கருகிவிடும். சிங்கப்பூரின் பன்னிரண்டு மணிப் பகல் அதற்கு அளந்துவைத்தது போன்றது; எந்த மாதம் விதைத்தாலும் சில மாதங்களில் பூத்துவிடும். பூ வாடியதும் அதன் அடியிலுள்ள புல்லிவட்டம் சதைப்பற்றோடு பருத்து, ஆழ்ந்த சிவப்பாகிறது. அதைப் பிய்த்துச் சர்க்கரையோடு கொதிக்கவைத்தால், அதிலேயே பெக்டின் இருப்பதால் ஜாம் தானாக இறுகும். ஃபுளோரிடாவில் ஒரு காலத்தில் இதை ஃபுளோரிடா கிரான்பெர்ரி என்றே அழைத்து, கிரான்பெர்ரிக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். புளிப்பான செந்நிற ஜாம் வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அது ஒரே பருவத்தில், ஒரே தொட்டியில் நிறைவேறிவிடும். புளிச்சக்கீரைத் துவையல் சாப்பிட்டுப் பழகிய வீட்டுக்கு இந்தப் புளிப்பு அந்நியமும் அல்ல.

பல்லாண்டுச் செடிதான் வேண்டும், கையால் பறித்து வாயில் போடும் பெர்ரிதான் வேண்டும் என்பவர்களுக்கு என் தேர்வு கெமுந்திங். ரோடோமிர்ட்டஸ் டோமென்டோசா என்பது அறிவியல் பெயர். கொய்யாவும் நாவலும் சேர்ந்த குடும்பம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சொந்தமான புதர்ச்செடி இது. கடலோர மணலிலும், வெட்டவெளியான ஏழை மண்ணிலும் வளரும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை வேறு பெயரில் தெரியும். நீலகிரியில் தவிட்டுப்பழம், தவிட்டுக்கொய்யா என்று சொல்லி, பருவத்தில் சாலையோரத்தில் விற்பது இதே இனம்தான். இந்த ஒற்றை உண்மை நம் வாதத்துக்கு மிக முக்கியமான சான்று என்று கருதுகிறேன். 1,500 மீட்டருக்கு மேல், உறைபனி விழும் நீலகிரிப் புல்வெளி ஓரத்திலும், கடல்மட்டத்தில் 25 டிகிரி இரவுள்ள சிங்கப்பூரிலும் ஒரே இனம் பூத்துக் காய்க்கிறது என்றால், அதன் மொட்டுக்குக் குளிர் ஒரு நிபந்தனை அல்ல என்று பொருள். குளிர் வந்தால் தாங்கும், வராவிட்டால் கேட்காது. மண்ணில் லிங்கன்பெர்ரியின் ரசனை, பருவத்தில் வெப்பநாட்டின் சுதந்திரம். தொட்டித் தோட்டக்காரர் தேடுவது இந்தச் சேர்க்கையைத்தான். வியட்நாமின் பூ குவாக் தீவில் இந்தப் பழத்திலிருந்து மது வடிக்கும் தொழிலே இருக்கிறது. ஆனால் இதன் சுறுசுறுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. அலங்காரச் செடியாக ஃபுளோரிடாவுக்கும் ஹவாய்க்கும் கொண்டுபோன இடத்தில் பறவைகள் விதையைப் பரப்பி, இது உள்ளூர்த் தாவரங்களை நெருக்கும் களையாகிவிட்டது. சொந்த மண்ணில் நடும்போதுதான் இது பாதுகாப்பான தேர்வு. அந்தச் சொந்த மண் சிங்கப்பூர்.

கெமுந்திங் பூ விரியும்போது ஆழ்ந்த இளஞ்சிவப்பு, நாள் ஆக ஆக வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகும். ஒரே புதரில் இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும். காய் பச்சையிலிருந்து மங்கிய சிவப்பாகி, கடைசியில் கருநீல ஊதாவாகும். கோலிக்குண்டு அளவு, மேலே வெல்வெட் போன்ற மென்மயிர், நுனியில் புல்லிவட்டத்தின் ஐந்து இதழ் கிரீடம்போல் ஒட்டியிருக்கும். அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும் பழமே பழுத்தது. கெட்டியாக இருந்தால் துவர்க்கும். உள்ளே இனிப்பான ஊதாச் சதையும் நிறையச் சிறு விதைகளும் இருக்கும். ஜாம் செய்தால் வடிகட்டிவிடுவது நல்லது.

இதன் பக்கத்தில் வைக்க இன்னொரு உள்ளூர்ச் செடி செண்டுடோக். சிங்கப்பூர் ரோடோடெண்ட்ரான் என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் ரோடோடெண்ட்ரானுக்கும் இதற்கும் உறவில்லை, இது மெலஸ்டோமா பேரினம். அமில மண்ணில் செடிகளுக்கு உண்மையான எதிரி, அந்த மண்ணில் கரைந்து வெளிவரும் அலுமினியம். பெரும்பாலான பயிர்களின் வேர்நுனியை அது முடமாக்கும். செண்டுடோக்கோ அலுமினியத்தை உறிஞ்சி, ஆக்சலேட்டோடு பிணைத்து, தன் இலைகளில் தீங்கின்றிச் சேர்த்துக்கொள்கிறது. ஆய்வுகளில் அலுமினியம் கொடுத்தபோது இதன் வளர்ச்சி கூடியிருக்கிறது என்பது இன்னும் வியப்பு. பூவும் பார்க்கப் பார்க்கச் சுவாரசியம். ஊதா இதழ்களின் நடுவே இரண்டு வகை மகரந்தத்தாள்கள்: ஐந்து குட்டையானவை, மஞ்சள் நிறம், வண்டின் கண்ணில் படுபவை; ஐந்து நீண்டு வளைந்தவை, ஊதா நிறம், இதழோடு நிறம் கலந்து மறைபவை. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ மஞ்சள் தாள்களைக் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமல் சிறகுத் தசைகளை மட்டும் அதிரவைக்கும். அந்த அதிர்வில் நுனித் துளைகள் வழியாக மகரந்தம் தெறிக்கிறது. மஞ்சள் தாளின் மகரந்தம் வண்டுக்கு உணவு. வளைந்த தாளின் மகரந்தம் அதற்குத் தெரியாமலே அதன் உடலில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. லிங்கன்பெர்ரியின் மகரந்தப் பையும் நுனித் துளை வழியாகத் திறப்பதுதான். வடக்கே அந்த அதிர்வு வேலையைப் பம்பிள் தேனீ செய்கிறது. ஆக, இந்தத் தீவில் மகரந்தம் சேர்க்க ஆள் இல்லை என்பதும் காரணமாகாது. ஆள் இருக்கிறது, பூதான் வராது.

‘என்ன இருந்தாலும் லிங்கன்பெர்ரியின் சுவை இவற்றில் வராது, சத்தும் வராது’ என்பது கடைசி மறுப்பு. சுவை பற்றிய பாதியை ஒப்புக்கொள்கிறேன். கெமுந்திங் இனிப்பானது, நறுமணம் வேறு. செண்டுடோக் பழத்தின் சுவை மென்மையானது, நாக்கைக் கருநீலமாக்குவதோடு சரி. புளிப்பும் கசப்பும் வேண்டுமென்றால் ரோசெல், இல்லாவிட்டால் நம் ஊர்க் களாக்காய். வெயிலுக்கு அஞ்சாத முட்புதரான களாவின் சிவந்த காய் ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் பேர்போனது. சத்து என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. லிங்கன்பெர்ரியைச் சிவக்கவைக்கும் ஆந்தோசயனின் நிறமிகள்தான் கெமுந்திங்குக்கும் ரோசெல்லுக்கும் நிறமூட்டுகின்றன. கெமுந்திங்கில் பிசியட்டனால் என்ற சேர்மம் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆய்வகக் குடுவையில் ஒரு சேர்மம் காட்டும் வீரியம் உடம்பில் நோய் தீர்க்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இது வடக்கத்திப் பழத்துக்கும் பொருந்தும், தெற்கத்திப் பழத்துக்கும் பொருந்தும். ‘சூப்பர் உணவு’ என்ற விளம்பரத்தை நம்பி ஒரு செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வளர்க்கும் முறையில் சில விஷயங்களைத் தவறவிடக் கூடாது. கெமுந்திங்கும் செண்டுடோக்கும் நேரடி வெயில் கேட்பவை. அரைநாள் வெயிலாவது படாத உள்நடைபாதையில் இலை மட்டுமே வரும். கலவையில் மணலும் மக்கிய இலைதழையும் கூடுதலாக இருக்கட்டும். நம் வீடுகளில் எல்லாச் செடிக்கும் போடும் முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் இவற்றுக்கு வேண்டாம், இரண்டும் அமிலத்தன்மையைக் குறைக்கும். கட்டட வேலை நடந்த இடத்து மண்ணில் சிமெண்டுத் தூள் கலந்திருந்தாலும் அதே கேடு. குழாய்த் தண்ணீர் லேசான காரத்தன்மை உடையது; மாதக்கணக்கில் அதை மட்டுமே ஊற்றினால், புதிதாக வரும் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். செடிக்கு இரும்பு எட்டவில்லை என்பதன் அடையாளம் அது. மழைத் தண்ணீர் கிடைக்கும்போது ஊற்றுங்கள். ஆனால் அதைப் பிடித்துத் திறந்துவைக்காதீர்கள். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் ஒரு கரண்டி நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். டெங்கி பரவும் ஊரில் இது செடியைவிடப் பெரிய விஷயம். பொது நடைபாதையில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி விட வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதியை மனத்தில் வைக்க வேண்டும். வாசலில் வெயில் இல்லாதவர்கள், தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய ‘சமூகத்தில் பூக்கும்’ தோட்டங்களில் ஒன்று அருகில் இருந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ கெமுந்திங்கைக் கண்டால் கிளை ஒடிக்கவோ கன்றைப் பிடுங்கவோ கூடாது. அது சட்டப்படி குற்றம். உள்ளூர்ச் செடிகள் விற்கும் நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் இல்லையென்றால் மறுபடியும் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் அவர்கள் பதியம் போடுவார்கள். லிங்கன்பெர்ரியை மட்டும் பாட்டிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.